நிற்கிற நேரத்துக்குக் கூலி உண்டா?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் ஹெவி லைசென்ஸ் எடுத்த பையனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வடக்கே போனால் தண்டையார்பேட்டை ஐ.ஓ.சி. முனையம், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதையும் தாண்டினால் காட்டுப்பள்ளி. சுமார் முப்பது கிலோமீட்டருக்குள் கன்டெய்னர், பெட்ரோல், கேஸ், அனல்மின் நிலையத்துச் சாம்பல், இரும்புச் சுருள், ஏற்றுமதிக் கார், மீன் என்று இத்தனை வகை லோடு வரிசைகட்டி நிற்கிறது. எதில் ஏறுவது என்பதுதான் சிக்கல். அதற்குத் தெருவில் கிடைக்கும் யோசனை எல்லாம் ஒரே கேள்வியில் போய் முடியும்: 'மாசம் கையில எவ்வளவு நிக்கும்?' நியாயமான கேள்விதான். ஆனால் முதல் வேலையைப் பொறுத்தவரை அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டி நிற்கிற நேரம் யார் கணக்கில் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். லோடின் வகை, முதலாளியின் குணம், வண்டியின் மாடல் என மற்ற எல்லாவற்றையும்விட, ஒரு புது டிரைவர் அடுத்த ஐந்து வருடத்தில் எப்படிப்பட்ட டிரைவராக ஆவான் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

துறைமுகத் தொழிலில் காத்திருப்புக்கு விலை இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் மற்ற எதையும்விட அதற்குத்தான் துல்லியமான விலைப்பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன நாளைத் தாண்டிக் கப்பல் நின்றால் டெமரேஜ். இறக்குமதிப் பெட்டி இலவச நாட்களைத் தாண்டி யார்டில் கிடந்தால் கிரவுண்ட் ரென்ட். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் ஷிப்பிங் லைனுக்கு டிடென்ஷன். லாரி நின்றால் முதலாளி, சரக்குக்காரப் பார்ட்டியிடம் ஹால்டிங் கேட்கிறார். கிடைக்கிறதோ இல்லையோ, கேட்பதற்கு ஒரு பெயராவது இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுடைய நேரத்துக்கு மட்டும் பெரும்பாலான கன்டெய்னர் டிரெய்லர்களில் தனியாக ரேட் கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் ஆறு மணி நேரத்தில் முடிந்தாலும் அதே பணம், இருபது மணி நேரம் ஆனாலும் அதே பணம். சங்கிலியில் எங்கே தாமதம் நடந்தாலும் அதன் செலவு கீழே கீழே தள்ளப்பட்டு, கடைசியில் பேரம் பேச முடியாதவன் தலையில் வந்து விடிகிறது.

எண்ணூர் விரைவுச் சாலையை அறிந்தவர்களுக்கு இது புத்தகப் பாடமல்ல. சென்னைத் துறைமுகத்தில் 2001-ல் தனியார் கன்டெய்னர் முனையம் வந்தது. 2009-ல் இரண்டாவது முனையம். பெட்டிகள் பெருகின, அவற்றைத் தாங்க வேண்டிய சாலை பெருகவில்லை. எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் வருடக்கணக்கில் இழுத்தது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை உயர்மட்டச் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டி, 2012-ல் வேலை நின்று, 2022 மே மாதம் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் டிரெய்லர் வரிசை திருவொற்றியூரைத் தாண்டிக் கிலோமீட்டர் கணக்கில் நீண்டதும், ஒரு வண்டி கேட்டுக்குள் நுழைய ஒரு நாளுக்கு மேல் ஆனதும் நாளேடுகளில் வழக்கமான செய்திகள். டிரெய்லர் உரிமையாளர்கள் பலமுறை வண்டியை நிறுத்திப் போராடினார்கள். இப்போது நிலைமை அந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் வந்தாலும், ஸ்கேனர் பழுதானாலும், கஸ்டம்ஸ் கம்ப்யூட்டர் படுத்தாலும் வரிசை திரும்பி வந்துவிடும். இவற்றில் ஒன்றுகூட டிரைவர் செய்த தவறு கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேட் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உதாரணத்துக்கு ஒரு டிரிப்புக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதவரத்து சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் கிடங்கு) ஒன்றிலிருந்து பெட்டியை ஏற்றி, ஜீரோ கேட் வழியாக உள்ளே போய், இறக்கிவிட்டுத் திரும்ப ஆறு மணி நேரம் ஆனால் மணிக்கு 166 ரூபாய். அதே டிரிப் இருபது மணி நேரம் இழுத்தால் மணிக்கு ஐம்பது. வேலை கேட்கிறவனிடம் சொல்லப்படுவது முதல் கணக்கு. மாதக் கடைசியில் கைக்கு வருவது இரண்டுக்கும் நடுவில் எங்கோ. இழந்த டிரிப்பை எப்படி ஈடுகட்டுவது? வரிசையில் விழித்திருந்த இரவுக்குப் பிறகு, தூங்க வேண்டிய பகலில் அடுத்த பெட்டியை எடுத்துத்தான். இதில் பையனின் பேராசை ஒன்றும் இல்லை; அவனைத் தூங்கவிடாமல் ஓட்டச் சொல்வது அந்தக் கூலிமுறை.

நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு என்று அது தொடங்கியதில் இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் முதலாளிகள் அதன் கைக்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தாலும், வரிசையில் நிற்பது வேலையா ஓய்வா என்ற கேள்வியில் எல்லாம் கரைந்துபோயிருக்கும். எஞ்சின் அணைந்திருக்கிறது, சீட்டைச் சாய்த்திருக்கிறான், அப்படியானால் ஓய்வுதானே என்பது முதலாளி தரப்பு. முன்னால் இருக்கும் வண்டி பத்தடி நகர்ந்தால் இவனும் உடனே நகர வேண்டும். இல்லையென்றால் இடைவெளியில் இன்னொருவன் மூக்கை நுழைப்பான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பப்படுகிற தூக்கத்துக்கு ஓய்வு என்று பெயர் வைக்க முடியாது. லாரி டிரைவர்களைப் பற்றி சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுவதாக டிரைவர்கள் சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரப் பையனை இந்தத் தொழிலுக்கு அனுப்ப மாட்டோம் என்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொன்னதும் அதே ஆய்வில்தான்.

இந்த அளவுகோலை வைத்து மற்ற லோடுகளையும் பார்க்கலாம். மணல், ஜல்லி அடிக்கும் டிப்பரில் காத்திருப்பு குறைவு. ஆனால் கூலி முழுக்க நடையைப் பொறுத்தது. நகரத்துக்குள் கனரக வண்டிக்குத் தடை இருக்கும் நேரங்கள் போக மிச்ச நேரத்துக்குள் எத்தனை நடை அடிக்கிறோம் என்ற பந்தயம் அது. முதல் வருடத்தில் கற்கக்கூடாத வேகத்தைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கும். காசிமேட்டு மீன் வண்டியில் நிற்கிற பேச்சே கிடையாது, ஐஸ் உருகும். விடியற்காலை ஏலம் முடிந்ததும் கிளம்பி, சொன்ன நேரத்துக்குள் கேரளச் சந்தையிலோ பெங்களூரிலோ இருக்க வேண்டும். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். மாதச் சம்பளம் பேசாதவனுக்கு அந்த இரண்டு மாதம் அரைப் பட்டினிதான். வடநாட்டு லைன் ஓடுகிறவர்களுக்குப் பேட்டா நன்றாக இருக்கும், ஊர் பார்க்கலாம். ஆனால் திரும்பி வர லோடு கிடைக்கும்வரை கான்பூரிலோ கொல்கத்தாவிலோ கிடக்கிற நாட்களின் சாப்பாட்டுச் செலவு யாருடையது என்பதைக் கிளம்பும்முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கார் கேரியரில் ஒரு கீறல் விழுந்தாலும் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. புதியவன் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

டேங்கரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வடசென்னையில் பெற்றவர்கள் பிள்ளையை அனுப்பப் பயப்படுகிற வண்டி அதுதான். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. பாதி நிரம்பிய டேங்கில் பிரேக் போட்டால் உள்ளிருக்கும் திரவம் முன்னால் பாய்ந்து, வண்டி நின்ற பிறகும் ஒரு தள்ளு தள்ளும். வளைவில் அதே திரவம் ஒருபக்கமாகச் சாய்ந்து வண்டியையே சாய்க்கப் பார்க்கும். டேங்கை அறை அறையாகப் பிரித்து, குறுக்கே தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான். ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற லோடு என்பதாலேயே அதைச் சுற்றி விதிகள் எழுந்திருக்கின்றன. அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டியை ஓட்ட, மத்திய மோட்டார் வாகன விதி 9-ன்படி தனிப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும்; ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியில் அவசரக் குறிப்புகள் அடங்கிய டிரெம் கார்டு, தீயணைப்பான், புகைக்குழாயில் ஸ்பார்க் அரெஸ்டர் இல்லாமல் முனையத்துக்குள் நுழைய முடியாது. லோடு ஏற்றும்முன் எர்த் கிளிப் மாட்டியாக வேண்டும்; டிப் ராடு போட்டு அளவு பார்த்து, பூட்டி, சீல் வைத்துத்தான் வெளியே விடுவார்கள். கருவி வைத்து வண்டி எங்கே நிற்கிறது என்று கண்காணிப்பார்கள். ஒழுங்கு பழகப் புதியவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். டேங்கர் தொழிலும் சொர்க்கமல்ல. 2025 மார்ச்சில் நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் எண்ணெய் நிறுவனங்களின் புதிய டெண்டர் விதிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம் என்பது அவர்கள் எதிர்த்த விதிகளில் ஒன்று. உரிமையாளர்களின் செலவுக் கணக்கில் அது சுமையாக இருக்கலாம். வண்டியில் ஏறுகிற பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால், இரண்டாவது ஆள் கட்டாயம் என்கிற விதியைவிட நல்ல விதி இருக்க முடியாது.

இரண்டாவது ஆள் என்றதும் கிளீனர் நினைவுக்கு வருவார். ஒரு காலத்தில் இந்தத் தொழிலுக்குள் நுழையும் வாசலே கிளீனர் வேலைதான். வண்டி கழுவி, டயர் தட்டிப் பார்த்து, தார்ப்பாய் கட்டி, பின்னால் நின்று 'வரலாம் வரலாம், ரைட்டு ஒடிச்சு வா' என்று குரல் கொடுத்து, இரவில் ஆளில்லாத ரோட்டில் ஸ்டியரிங் பிடித்துப் பழகி, நாலைந்து வருடம் கழித்துத்தான் டிரைவர் ஆனார்கள். அந்தப் பள்ளிக்கூடம் ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டது. கன்டெய்னர் டிரெய்லர்களில் பெரும்பாலும் டிரைவர் மட்டும்தான். இன்று லைசென்ஸ் வழி வேறு. பதினெட்டு வயதில் எல்.எம்.வி., அதன்பின் ஒரு வருடமாவது கழித்து, இருபது வயது நிரம்பினால் டிரான்ஸ்போர்ட். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2019-ல் எடுக்கப்பட்டுவிட்டது. டிரைவிங் ஸ்கூலின் பழைய லாரியில் எட்டுப் போட்டுக் காட்டியவனிடம் நாற்பதடி டிரெய்லரைக் கொடுத்தால், அதை ரிவர்ஸ் எடுக்கக் கற்பது எங்கே? வேலையில்தான். அதனால்தான் முதல் வேலையைப் பள்ளிக்கூடம் தேர்ந்தெடுக்கிற மாதிரித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். ஃபீஸ் எவ்வளவு என்பதைவிட வாத்தியார் யார் என்பது முக்கியமாகிறது.

அப்படிப் பார்த்தால், ராயபுரத்துப் பையனுக்கு நல்ல முதல் வேலை பலர் மதிக்காத ஓரிடத்தில் இருக்கிறது: முனையத்துக்குள்ளேயே ஓடுகிற ஐ.டி.வி. வண்டி. கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் பெட்டியை வாங்கி, யார்டில் அடுக்கும் கிரேனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, காலியாகத் திரும்புவது. வேகக் கட்டுப்பாடு உண்டு. ஷிஃப்ட் முடிந்தால் அடுத்த ஆள் ஏறுவார். கிரேனுக்குக் கீழே வண்டியைச் சரியான புள்ளியில் நிறுத்தாவிட்டால் பெட்டி சேசிஸில் உட்காராது, மேலே இருக்கும் ஆபரேட்டர் காத்திருப்பார். ஆகவே அங்குலக் கணக்கில் நிறுத்தப் பழகுவான். டிரெய்லரின் நீளம் உடம்பில் ஏறும். கிரேன் நின்றால் இவனும் நிற்பான். ஷிஃப்ட் சம்பளம் என்றால் அந்த நேரத்துக்கும் கூலி ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு அடுத்தபடியாக, தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரே வழியில் மாதச் சம்பளத்துக்கு ஓடும் ஒப்பந்த வண்டிகளைச் சொல்லலாம். பெரிய வண்டியே இப்போதைக்கு வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது: மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. குட்டி யானையில் தொடங்குவது கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு பணம். 'ஷிஃப்ட் வேலைக்காரன் வாங்குறதைப் போல ஒன்றரை மடங்கு டிரெய்லர்காரன் வாங்குறான். வீட்ல கடன் இருக்கு, தங்கச்சி கல்யாணம் இருக்கு, தினம் கையில பேட்டா வேணும்' என்பார்கள். தள்ளிவிட முடியாத மறுப்பு. மாதச் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும், வாடகை அதுவரை பொறுக்காது. ஆனால் அந்த ஒன்றரை மடங்கை மணிக்கணக்கில் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் பாதி கரையும். வரிசையில் வெளியே சாப்பிட்ட செலவு, டீசல் கணக்கில் பிடித்தம், வழியில் கொடுக்கிற மாமூல் இவற்றைக் கழித்தால் இன்னும் கரையும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்பதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் டிரிப் கூலிக்காரனுக்கு வருமானம் பூஜ்யம். அப்படியும் பேட்டா வண்டிதான் வேண்டும் என்றால் போகட்டும். இத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு வரியைப் பேசிவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: தேர்ந்தெடுக்கிற நிலையில் யார் இருக்கிறார்கள்? தெரிந்த அண்ணன் ஒருவர் சொல்லி, ஒரு முதலாளி சாவியைக் கொடுக்கிறார். எண்ணெய் நிறுவன ஒப்பந்ததாரரும் பெரிய டிரான்ஸ்போர்ட்டும் அனுபவம் கேட்கிறார்கள். அனுபவம் இல்லாதவனைச் சேர்த்துக்கொள்வது ஆள் கிடைக்காமல் திண்டாடும் டிரிப் வண்டிதான். உண்மைதான். ஆனால் நல்ல டிரைவர் கிடைப்பதில்லை என்று இந்தத் தொழிலில் உள்ள முதலாளிகள் எல்லோரும் புலம்புகிறார்கள். ஆள் பஞ்சம் இருக்கிற சந்தையில் புதியவனுக்கும் கொஞ்சம் பேரம் பேசும் பலம் உண்டு. அதைச் சம்பளத்தில் ஆயிரம் ஏற்றிக் கேட்கச் செலவழிக்கிறான் என்பதே என் குறை. காத்திருப்பைப் பற்றிக் கேட்டால் முதலாளிக்கும் அதைப் பார்ட்டியிடம் ஹால்டிங்காகக் கேட்க ஒரு காரணம் கிடைக்கும். டிரிப் வண்டிதான் முதலில் அமைந்தது என்றாலும் ஒரு வருடத்துக்குள் அபாயப் பொருள் சான்றிதழ் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மூன்று நாள் பயிற்சிதான் அது, அடுத்த கதவைத் திறக்கும்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள், அதுவும் பெரும்பாலும் மூத்த டிரைவர்களே: அடிபட்டு, பசியோடு கிடந்து, தூக்கம் கெட்டுத்தான் டிரைவர் ஆக முடியும், நாங்கள் ஆகவில்லையா? பிழைத்து வந்தவர்கள் சொல்கிற கதை இது. அந்த வழியில் போய்த் திரும்பாதவர்கள் இதற்குப் பதில் சொல்ல வரப்போவதில்லை. சாத்தாங்காட்டுக்குப் போகும் இரும்புச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலியை இழுத்துக் கட்டி, அடியில் மரக்கட்டையைச் சரியாக முட்டுக்கொடுத்து, பத்து கிலோமீட்டர் போனதும் இறங்கி மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். பல டன் எடையுள்ள சுருளின் கட்டு அவிழ்ந்தால், பிரேக் அடிக்கும்போது அது கேபினை நோக்கித்தான் வரும். இரவெல்லாம் வரிசையில் விழித்திருந்தவன் அந்தப் பத்தாவது கிலோமீட்டரில் இறங்கிப் பார்ப்பதைத்தான் முதலில் விடுவான். கஷ்டம் ஆளைப் பக்குவப்படுத்தும் என்பது வாழ்க்கைக்குப் பொருந்தலாம், லோடு கட்டுவதற்குப் பொருந்தாது.

மதுரவாயல் உயர்மட்டச் சாலை வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சாலையில் போகும் நேரம் குறையும், சந்தேகமில்லை. ஆனால் கேட், ஸ்கேனர், யார்டு, கிரேன் இவற்றின் வேகத்தைப் பாலம் மாற்றாது. வரிசை இடம் மாறலாம். வெளிநாட்டுத் துறைமுகங்கள் வேறு பக்கத்திலிருந்து கை வைத்தன. கலிஃபோர்னியாவில் லாரிகள் கேட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால் முனையத்துக்கு அபராதம் என்று 2002-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். சிட்னியின் பாட்டனி துறைமுகத்தில் 2011 முதல், குறித்த நேரத்தில் வந்த லாரியைக் காக்கவைத்தால் முனையம் லாரி நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும்; லாரி தாமதமாக வந்தால் லாரி நிறுவனம் தர வேண்டும். அங்கேயும் அந்தப் பணம் டிரைவர் கைக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது. ஆனாலும் காத்திருப்புக்கு ஒரு விலை, அதற்கு ஒரு பொறுப்பாளி என்று எழுதிவிட்டார்கள்; அதன்பிறகு பங்கு கேட்பது சுலபம்.

நம்மூரில் அதற்கான ஆதாரமும் கையிலேயே இருக்கிறது. பெட்டி கேட்டைத் தாண்டிய தேதியும் நேரமும் கேட்டில் தரும் ஈ.ஐ.ஆர். சீட்டில் பதிவாகின்றன. டோல்கேட்டில் ஃபாஸ்டேக் நேரம் பதிகிறது. வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால், எந்த இடத்தில் எத்தனை நிமிடம் நின்றது என்று முதலாளியின் செல்போனில் கோடு போட்டுக் காட்டுகிறது. டீசல் திருடினானா, வழி மாறிப் போனானா என்று பார்க்க அந்தக் கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதே கோட்டை வைத்து, ஜீரோ கேட்டுக்கு வெளியே வண்டி நின்ற மணி நேரத்தையும் எண்ணலாம். டிரிப் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்க எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. அதுவரை, வேலைக்குச் சேரும் பையன் கேட்டுக்குள் போன சீட்டையும் வெளியே வந்த சீட்டையும் தன் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கு முடிக்கும் நாளன்று முதலாளி முன்னால் வைக்கலாம்.